கடனுக்கு எழுதிக் குடுத்த அறுதி உறுதி: நாவற்குடா வளவு வழக்கு ஒண்டு

மட்டக்களப்பில எங்கட சட்டத்தரணிமார் கந்தோருக்கு எல்லா மாதிரி வேலையும் வரும். உறுதி எழுதிறது, தாபரிப்பு, விவாகரத்து, மரணசாதன வழக்கு, வாகன விபத்து, பொலிஸ் பிணை, வெளிநாட்டுக்குப் போறவைக்கு அற்றோணித் தத்துவம், இப்பிடி ஒரு மேசையில எல்லாம் கிடக்கும். அதுக்குள்ள திரும்பத் திரும்ப வாற ஒரு விசயம்தான் இது. சல்லிக் கடன் எடுக்கக்குள்ள பாதுகாப்புக்கு எண்டு வளவை அறுதியா, அதாவது முழுசா வித்ததா எழுதிக் குடுத்திட்டு, மறுகா "வெளியில போ" எண்டு கடிதம் வரக்குள்ள ஓடி வாறது. அப்பிடி வந்து முடிஞ்ச ஒரு வழக்கைத்தான் முழுசா எழுதிறன். சம்பந்தப்பட்ட அக்காட்ட கேட்டுத்தான் எழுதிறன், பேர், ஒழுங்கை, உறுதி இலக்கம், வழக்கு இலக்கம் ஒண்டும் போடமாட்டன், சல்லி குடுத்தவர்ட அடையாளமும் வராது. சட்டம் எப்பிடி வேலை செய்யுது எண்டுறதுதான் முக்கியம்.

நடந்தது

அக்காக்கு நாவற்குடாப் பக்கம் 12 பேர்ச் வளவும் கல்வீடும். தாய் சீதனமா எழுதிக் குடுத்தது, எங்கட ஊர்ல வழமையே அதுதானே, வீடு வளவு பொம்புளைப் புள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்க வந்து இருப்பார். அக்காவுக்கும் ஒரு மகள் இருக்கு, அந்த வீடு மறுகா அவளுக்குத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். இதை முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு, இந்த வழக்கில அவ ஏன் விட்டுக் குடுக்காம நிண்டவ, ஏன் கடைசியில சமாதானத்துக்கு ஓமெண்டவ, ரெண்டுக்கும் விடை அந்த மகள்தான்.

2017 மார்ச்சில மூத்த மகனைக் கட்டாருக்கு அனுப்ப சல்லி தேவைப்பட்டது, ஏஜென்சிக்குக் கட்ட வேணும், கையில இருந்த நகையெல்லாம் ஏற்கனவே அடகில. பாங்கில கேட்டாக்கள், நிரந்தர வருமானம் இல்ல, இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிற வேலைக்கு சம்பளச் சீட்டு எங்க கிடைக்கும். தெரிஞ்ச ஒருத்தர் ஊடாக சல்லி குடுக்கிற ஒருத்தர்ட்ட போனவ. அஞ்சு லட்சம், மாசம் நூற்றுக்கு அஞ்சு வட்டி, அதாவது மாசம் 25,000. பாதுகாப்புக்கு வளவை எழுதித் தர வேணும், சல்லியத் திருப்பித் தந்த அண்டைக்கே உறுதியத் திருப்பி எழுதித் தாறன் எண்டு வாய்ப்பேச்சு. எழுத்தில ஒண்டும் இல்ல.

உறுதி எழுதிற நொத்தாரிசுட்ட போய் கையெழுத்து வச்சது, கடனுக்குக் காணியை அடகா வைக்கிற ஈட்டு உறுதி இல்ல, அறுதி விற்பனை உறுதி. விலை அஞ்சு லட்சம் எண்டு போட்டிருக்கு. முதல் மாச வட்டி 25,000 அங்கயே கழிச்சாச்சு. முத்திரை வரியும் அக்காட பங்கில, முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்ச நாலு லட்சத்துக்கு 4 வீதம் எண்டு 19,000. நொத்தாரிசுக் கூலியும் அதுக்குள்ளதான். கையில வந்தது நாலரை லட்சத்துக்கும் குறைவு. விற்பனை எண்டா முத்திரைக் காசை வாங்கிறவர்தானே கட்டுவார், இதை ஞாபகத்தில வச்சுக்கொள்ளுங்க, வழக்கில இது பெரிய இடத்துக்கு வந்தது.

மகன் போய்ச் சேர்ந்தான். அக்கா 2019 மார்ச் மட்டும் மாசம் தவறாம வட்டி கட்டினவ, கழிச்ச முதல் மாசத்தோட சேர்த்து 25 மாசம், 6,25,000 ரூபா. வாங்கின முதலை விடக் கூட. ஆனா கடன் முதல் அப்பிடியே நிண்டது. முதல் எட்டு மாசக் கட்டணம் கையில குடுத்தது, துண்டு இல்ல. மறுகா அவர் பாங்குக் கணக்கு நம்பர் குடுத்தபடியா 16 மாசத்துக்கு டிப்பொசிற் சிலிப் இருந்தது, அதையும் அக்கா ஒரு பிஸ்கட் டின்னுக்க போட்டு வச்சிருந்தவ.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு டவுன் அடங்கிப் போனது உங்களுக்குத் தெரியும், சீயோன் தேவாலயத்தில அத்தினை சனம் செத்த ஊர். கடைகள் நேரத்தோட பூட்டு, இடியப்பம் வாங்க ஆள் இல்ல. வட்டி நிண்டது. ஓகஸ்ட்டில சல்லி குடுத்தவர் பொலிசில முறைப்பாடு போட்டார், "என்ட காணிக்குள்ள சட்டவிரோதமா இருக்காங்க" எண்டு.

எங்களிட்ட வந்தது

பொலிசில இருந்து கூப்பிட்டபிறகுதான் அக்கா எங்களிட்ட வந்தவ. புருஷனும் வந்தவர். முதல் கேள்வியே அவர்டதான், "நான் கையெழுத்து வைக்கல்ல, அப்ப அந்த உறுதி செல்லாதுதானே?"

இதை நிறையப் பேர் நம்புறாங்க, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில, கலியாணம் முடிச்ச பொம்புளை தன்ட அசையாச் சொத்தை எழுத புருஷன்ட எழுத்துச் சம்மதம் வேணும் எண்டு இருந்த விதி. அங்க இருந்து வந்த கதை இங்கயும் பரவிக் கிடக்கு. ஆனா தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரிய சட்டம், மட்டக்களப்புத் தமிழருக்கு அது இல்ல. இங்க ஒரு காலத்தில முக்குவர் சட்டம் எண்டு ஒரு வழமைச் சட்டம் இருந்தது, 1876ம் ஆண்டு 15ம் இலக்க திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் வந்தபிறகு இங்க பொதுச் சட்டம்தான். 1923ம் ஆண்டு 18ம் இலக்க சட்டப்படி கலியாணம் முடிச்ச பொம்புளை தன்ட சொத்தைத் தனியா எழுதலாம், விக்கலாம். அதால அந்தக் கதவு மூடிப் போச்சு. புருஷன்ட முகம் வாடினது, எண்டாலும் இல்லாத வழியைக் காட்டி அனுப்பிறதை விட அது நல்லம்.

எங்கட சீனியர் முதல் செய்தது ரெண்டு வேலை. ஒண்டு, ஒரு ஆளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி இடாப்பைத் தேடினது. உறுதி பதிஞ்சிருக்கா, அதுக்கு மேல வேற ஆருக்காவது எழுதியாச்சா, பாங்குக்கு ஈடு வச்சாச்சா. ஏனெண்டா கடன் குடுத்தவர் அந்த வளவை விசயம் தெரியாத மூண்டாம் ஆளுக்கு வித்திட்டா, அந்த மூண்டாம் ஆள் நல்லெண்ணத்தோட சல்லி குடுத்து வாங்கினவர் எண்டு வந்திட்டா, எங்கட கையில இருக்கிற உரிமை அவருக்கு எதிரா நிக்காது. நல்ல காலம், அவர்ட பேர்ல மட்டும்தான் நிண்டது. அண்டைக்கே கேவியற் போட்டம், அந்தக் காணி சம்பந்தமா ஏதாவது ஆவணம் பதிய வந்தா எங்களுக்கு அறிவித்தல் வரும்.

ரெண்டாவது, அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டு வரச் சொன்னது. சிலிப், சோலைவரித் துண்டு, கரண்ட் பில், தண்ணி பில், போனில கிடந்த வொய்ஸ் மெசேஜ் எல்லாம். போனை வித்திட வேணாம், ரீசெட் பண்ண வேணாம், மகன்ட்ட குடுக்க வேணாம் எண்டு சீனியர் அக்காட கையப் பிடிச்சுச் சொன்னவர்.

பொலிசும் 66ம் பிரிவும்

பொலிசுக்கு ஆளை எழுப்ப அதிகாரம் இல்ல. நாங்க கூடப் போய் இருந்தம், இது சிவில் விசயம் எண்டு எழுத்தில குடுத்தம், பொலிஸ் பொறுப்பதிகாரி (ஓஐசி) மரியாதையா ஏத்துக்கொண்டார். ஆனா ரெண்டு கிழமைக்குள்ள நாலஞ்சு பேர் வந்து முன் வேலிக் கதியால வெட்டத் தொடங்கினாங்க. அக்கா கத்த ஒழுங்கைச் சனம் கூடிட்டு, பொலிசும் வந்தது. அதோட பொலிசே 1979ம் ஆண்டு 44ம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ம் பிரிவில அறிக்கை போட்டது.

66 எண்டா என்ன எண்டு விளங்கிக்கொள்றது நல்லம், எங்கட பக்கம் காணிச் சண்டை எல்லாம் பொதுவா இதுலதான் தொடங்குது. காணி ஆருக்குச் சொந்தம் எண்டு இங்க பாக்கிறதில்ல. சமாதானம் குலையப் போகுது, அதால இப்ப இருப்பு ஆர்ட கையில எண்டு மட்டும்தான் நீதிபதி பாப்பார். வழக்கு வந்த நாளில ஆர் இருந்தது, அதுக்கு முன்னான ரெண்டு மாசத்துக்குள்ள ஆரையாவது பலாத்காரமா எழுப்பியிருக்கா, அவ்வளவுதான். சத்தியக்கடதாசி போட்டு, கிராம சேவகர்ட கடிதம், வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில் எல்லாம் சேர்த்துக் குடுத்தம். 2019 முடியிறதுக்குள்ள கட்டளை வந்தது, சிவில் நீதிமன்றம் தீர்க்கிற வரைக்கும் அக்காட இருப்பைக் குழப்பக்கூடாது எண்டு.

இந்தக் கட்டளை இல்லாட்டி அக்கா வெளியில நிண்டுதான் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருப்பா. வெளியில நிண்டு வழக்காடிறதுக்கும் வீட்டுக்க இருந்து வழக்காடிறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பின்னுக்குச் சொல்லப் போற நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின்ட 83ம் பிரிவுக்கும் அந்த இருப்பு நல்ல உதவி.

மாவட்ட நீதிமன்றம்

2020 தொடக்கத்தில அழைப்பாணை வந்தது. சல்லி குடுத்தவர் வழக்காளி, அக்கா எதிராளி. கேட்டது: உறுதிப்படி நான் சொந்தக்காரன் எண்டு பிரகடனம், வெளியேற்றம், மாசாமாசம் நட்டஈடு. அவர்ட கதை இப்பிடி: வளவை அஞ்சு லட்சத்துக்கு வாங்கினன், இரக்கப்பட்டு மாசம் 25,000 வாடகைக்கு இருக்க விட்டன், வாடகை தரல்ல, போகச் சொன்னா போறாங்க இல்ல.

வாடகை. பாங்குக்குப் போன 16 சிலிப்பையும் அவர் மறுக்க ஏலாது, அதால அதுக்கு வேற பேர் வச்சிட்டார். கெட்டிக்காரத்தனமான வழக்குரை, ஏற்கத்தான் வேணும்.

இதுல ஒரு விசயத்தை அழுத்தமாச் சொல்ல வேணும். அழைப்பாணை வந்தா சிலர் பயந்து எடுக்கிறதில்ல, சிலர் எடுத்து அலுமாரிக்க வச்சிடுவாங்க. எதிராளி வரல்ல எண்டா ஒருதலைப்பட்சமா விளக்கம் (வழக்கு விசாரணை) நடந்து தீர்ப்பாணை வந்திடும். அது கையில கிடைச்சு 14 நாளுக்குள்ள நியாயமான காரணம் காட்டி விண்ணப்பம் போடாட்டி உள்ள நல்ல வழக்கு முழுக்க அதோட போச்சு. அறுதி உறுதி விசயத்தில எத்தினை வளவு இப்பிடியே கைமாறினது எண்டு நினைச்சா வயிறு எரியும். நீதிமன்றம் கேட்டு நிராகரிச்சதில்ல, கேக்க ஆள் போகல்ல.

கொரோனாவால திகதி தள்ளித் தள்ளிப் போச்சு. மறுமொழி போட்டம், எதிர்க்கோரிக்கையோட, அதாவது அவருக்கு எதிரா நாங்க கேக்கிறதையும் சேர்த்து. அந்த எதிர்க்கோரிக்கையை லிஸ் பென்டன்சா, அதாவது காணி வழக்கில இருக்கு எண்டு காட்டுற பதிவா, காணிப் பதிவகத்தில பதிஞ்சம், இனி ஆர் வாங்கினாலும் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்க வேணும்.

எதிர்க்கோரிக்கையின்ட அடித்தளம் 1917ம் ஆண்டு 9ம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 83ம் பிரிவு. அது சொல்றது என்னெண்டா, ஒருத்தர் சொத்தை மற்றவருக்கு எழுதிக் குடுத்திருந்தாலும், சுற்றிவர உள்ள சூழ்நிலைகளோட சேர்த்துப் பாக்கக்குள்ள அந்தச் சொத்தின் பயனுரிமையையே குடுத்திட வேணும் எண்டு அவர் நினைச்சார் எண்டு நியாயமா முடிவெடுக்க ஏலாது எண்டா, வாங்கினவர் அதை எழுதிக் குடுத்தவருக்காக வச்சிருக்கிற ஒரு பொறுப்பாளர் மட்டும்தான். உறுதி அவர்ட பேர்ல, பயன் அக்காட.

உடனே வாற கேள்வி, காணி விசயம் நொத்தாரிசு எழுத்தில இல்லாட்டிச் செல்லாது எண்டு 1840ம் ஆண்டு 7ம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் சொல்லுதே, எழுதின உறுதிக்கு எதிரா வாய்ச்சாட்சி சொல்ல ஏலாது எண்டு சாட்சியக் கட்டளைச்சட்டத்தின்ட 92ம் பிரிவு சொல்லுதே, அப்ப எப்பிடி? இதைத்தான் அவர்ட சட்டத்தரணியும் முதல் நாளே எழுப்பினவர். விடை தீர்ப்புகள்ல இருக்கு. 1991ம் ஆண்டு ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ்ல உள்ள தயாவதி எதிர் குணசேகர வழக்கில, இப்பிடியான நம்பிக்கைப் பொறுப்பை நிரூபிக்க வாய்ச்சாட்சிக்கு அந்த ரெண்டு சட்டமும் தடையில்ல எண்டு தெளிவாச் சொல்லியாச்சு. 1994ல பிரேமாவதி எதிர் ஞானாவதி வழக்கும் அதே பாதைதான். அதுக்கும் முன்னம் 1960ல முத்தம்மா எதிர் தியாகராஜா வழக்கில, சூழ்நிலை எண்டா எதெல்லாம் எண்டு பேசியிருக்கு, உறுதிக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்தது வரலாம், ஆனா வெகுதூரத்தில நிக்கிறது வராது.

ஆகவே முழு வழக்கும் சூழ்நிலையில வந்து நிண்டது. சின்னச் சின்ன விசயங்கள்.

உறுதி எழுதின நாளில இருந்து அக்கா வீட்டை விட்டு ஒரு நாளும் போகல்ல. சோலைவரி அவட பேர்ல அவதான் கட்டினவ. கரண்ட், தண்ணி மாத்தல்ல. "வாங்கினவர்" வளவை நில அளவையாளரைக் கொண்டு அளந்து பாக்கல்ல, வீட்டுக்க வந்து எத்தினை அறை எண்டும் பாக்கல்ல. முத்திரை வரியும் நொத்தாரிசுக் கூலியும் "வித்த" ஆள்ட காசில. உறுதியின்ட அத்தாட்சிப் பந்தியில, விலைக் காசு என் முன்னிலையில கைமாறல்ல, முன்னமே பெற்றதா ஏற்றுக்கொண்டார் எண்டு நொத்தாரிசு எழுதியிருந்தார், சனம் வாசிக்கிறதே இல்லாத அந்தப் பந்திதான் சாட்சிக்கு நல்ல உதவி. உறுதிக்குள்ள போட்ட விலை அஞ்சு லட்சம், ஆனா மதிப்பீட்டாளர் பாத்துத் தந்த 2017 பெறுமதி பேர்ச்சுக்கு ஒண்டரை லட்சப்படி காணி 18 லட்சம், வீடு பத்து லட்சம், மொத்தம் 28.

விலை பாதிக்கும் குறைவு எண்டுறதால லீசியோ எனோர்மிஸ் எண்டுற ரோமன் டச்சுக் கோட்பாட்டையும் மாற்றுக் கோரிக்கையா வச்சம். சரியான விலையின் பாதிக்கும் குறைவா வித்திருந்தா விற்பனையை ரத்துச் செய்யக் கேக்கலாம் எண்டுறது அது. ஏன் அதை முன்னுக்கு வைக்கல்ல எண்டு எங்கட கந்தோர்ல புதுசா வந்த தம்பி ஒருத்தர் கேட்டவர், நல்ல கேள்வி. அதை முன்னுக்கு வச்சா "நாங்க வித்தது உண்மைதான், விலைதான் குறைவு" எண்டு ஆகிடும். இன்னொண்டு, வாங்கினவர் மிச்ச விலையைக் கட்டி காணியை வச்சுக்கொள்ளத் தெரிவு செய்யலாம். மகளுக்கு வீடு வேணும் எண்டு நிக்கிற தாய்க்கு 23 லட்சம் காசு என்னத்துக்கு. அதால 83 முன்னுக்கு, இது பின்னுக்கு.

வொய்ஸ் மெசேஜ் ஒண்டு இருந்தது, அவர்ட குரல்ல, "இந்த மாச வட்டி இன்னும் வரல்லயே அக்கா, முதலையாவது கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" எண்டு. வாடகைக் கதைக்கு அதுக்கு மேல என்ன வேணும் எண்டு நீங்க நினைப்பீங்க. ஆனா பதிவுகளைச் சாட்சியா வைக்க 1995ம் ஆண்டு 14ம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தில ஒரு முறை இருக்கு, விளக்கத் திகதிக்குக் குறைஞ்சது 45 நாளைக்கு முன்னம் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் குடுக்க வேணும், அவங்க கேட்டா போனைப் பரிசோதிக்க விட வேணும். அந்த அறிவித்தலை நேரத்தோட குடுத்தம். போன் அதே போன், அதே சிம். சீனியர் முதல் நாளே கையப் பிடிச்சுச் சொன்னது இதுக்குத்தான்.

பலவீனமும் இருந்தது, மறைக்க வேணாம். திருப்பி எழுதித் தாறன் எண்டதுக்கு எழுத்து இல்ல. முதல் எட்டு மாசக் காசுக்குத் துண்டு இல்ல. எல்லாத்தையும் விட, புருஷன் சாட்சி சொல்ல வந்தா குழம்புவார் எண்டு தெரிஞ்சது. கந்தோர்ல வச்சுக் கேக்கக்குள்ளயே ஒருக்கா அஞ்சு லட்சம் எண்டார், ஒருக்கா நாலு எண்டார், கையில வந்ததையும் உறுதியில போட்டதையும் மாத்தி மாத்திச் சொல்றார். பொய் இல்ல, பயம். குறுக்கு விசாரணையில அது பொய் மாதிரித்தான் தெரியும்.

வழக்காளியின்ட குறுக்கு விசாரணை

2022ல பெற்றோல் இல்லாம, பஸ் இல்லாம கோர்ட் பாதி நாள் நடக்காத காலத்திலயும் ஒரு திகதி கிடைச்சு அவர் கூண்டில ஏறினார். சீனியர் குரல் உயர்த்தல்ல. வாடகை 25,000 எண்டா ஒப்பந்தம் எங்க? இல்ல. நாவற்குடாவில 2017ல ரெண்டு அறை வீட்டுக்கு 25,000 வாடகை குடுத்த ஆரையாவது தெரியுமா? தெரியா. முதல் மாச வாடகை எப்ப வாங்கினீங்க? உறுதி எழுதின அண்டைக்கு. முத்திரைக் காசு ஆர் தந்தது? கொஞ்ச நேரம் பேசாம நிண்டிட்டு, "அதுக்குள்ள கழிச்சது" எண்டார். எதுக்குள்ள? "குடுத்த சல்லிக்குள்ள." சீனியர் அதோட இருந்திட்டார், அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டாலும் கெட்டுப் போயிருக்கும்.

சமாதானம்

அண்டைக்குப் பின்னேரமே அவர்ட சட்டத்தரணி கதைக்க வந்தவர். எங்கட பக்கத்தில நிறையப் பேர், அக்காட சொந்தக்காரரும் சேர்த்து, "வெல்லுற வழக்கை ஏன் முடிக்கிறீங்க" எண்டு கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். ஆனா வெண்டா என்ன கிடைக்கும் எண்டு பாருங்க. 83ல வெண்டாலும் கடன் கடன்தான், முதலைக் கட்டினாத்தான் திருப்பி எழுத வைக்கலாம். தோத்தவர் மாகாண சிவில் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போவார், அதுக்கு மேல உயர் நீதிமன்ற அனுமதி கேப்பார், அவ்வளவு காலமும் உறுதி தொங்கிக்கொண்டு நிக்கும். மகளுக்கு அப்பவே மாப்பிள்ளை பேசத் தொடங்கியாச்சு, வழக்கில இருக்கிற வீட்டை ஆர் சீதனமா ஏற்பாங்க. 1918ம் ஆண்டு 2ம் இலக்க காசு கடன் கொடுத்தல் கட்டளைச்சட்டத்தில வட்டி மிதமிஞ்சினது எண்டா நீதிமன்றம் கணக்கைத் திருப்பிக் கிளறலாம் எண்டு ஒரு ஆயுதமும் எங்களிட்ட இருந்தது, அதை மேசையில வச்சுத்தான் பேசினம்.

முடிவு 2023 தொடக்கத்தில, நீதிமன்றத்தில பதிஞ்ச இணக்கம். முதல் அஞ்சு லட்சம், மேலதிகமா ஒண்டரை லட்சம், ஆறரை லட்சம் ரெண்டு தவணையில ஆறு மாசத்துக்குள்ள. கடைசிச் சல்லி கட்டின உடனே அவர் உறுதியத் திருப்பி எழுத வேணும், எழுத வராட்டி நீதிமன்றப் பதிவாளர் கையெழுத்து வைப்பார். இந்தக் கடைசி வரி இல்லாம எந்த இணக்கத்திலயும் கையெழுத்து வைக்க விடாதீங்க.

நான் யோசிக்காத ஒரு பக்கத்தில இருந்தும் உதவி வந்தது. 2022 மார்ச்சில ரூபா விழுந்தது, டொலர் 200ல இருந்து 350க்கு மேல போனது, சனம் பட்ட பாடு சொல்லத் தேவையில்ல. ஆனா கட்டார்ல உழைக்கிற மகன்ட ரியால் 55 ரூபாவில இருந்து நூறுக்குக் கிட்ட வந்தது. பழைய கணக்கில ஆறரை லட்சத்துக்கு 11,800 ரியால் மட்டில வேணும், இப்ப 6,600 ரியாலுக்குள்ள முடிஞ்சது. இந்தப் பையனை அனுப்பத்தான் கடன், அவன் அனுப்பின சல்லியிலதான் வீடு திரும்பினது. அக்கா ரெண்டாம் தவணை கட்ட வந்த அண்டைக்கு "என்ட புள்ளட வேர்வைகா இது" எண்டு சொல்லிச் சொல்லி நோட்டை எண்ணினவ.

பிறகு

திருப்பி எழுதின உறுதியை நாங்களே பதிவுக்குக் கொண்டு போய், லிஸ் பென்டன்சை நீக்கி, இடாப்பில அக்காட பேர் விழுந்ததை உறுதிப்படுத்தின பிறகுதான் கோவையை மூடினம். மூடின கையோட இன்னொரு உறுதி, மகளுக்கு நன்கொடை உறுதி, தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் சாகும் வரைக்கும் ஆயுட்கால உரிமை வச்சு. அந்த ஆயுட்கால உரிமையை நாங்கதான் வற்புறுத்தினம், அக்கா "என்ட புள்ள என்னைப் போகச் சொல்லுவாளா" எண்டு கோவிச்சவ. சொல்லமாட்டாள்தான், ஆனா நாளைக்கு மருமகன்ட கடனுக்கு அந்த வீடு ஈடாப் போனாலும் இவங்க ரெண்டு பேரையும் எழுப்ப ஏலாம இருக்க வேணும்.

செலவைப் பற்றி எல்லாரும் கேக்கிறது. 66க்கு ஒரு கட்டணம், மறுமொழிக்கு ஒரு கட்டணம், மறுகா திகதிக்குத் திகதி, மதிப்பீட்டாளருக்கு வேற, பதிவுச் செலவு வேற, எல்லாத்துக்கும் துண்டு குடுத்தம். முதல் நாளே சட்ட உதவி ஆணைக்குழுவையும் சொன்னம், 1978ம் ஆண்டு 27ம் இலக்க சட்டத்தில வந்தது, மட்டக்களப்பிலயும் கந்தோர் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு வழக்குப் பேசுவாங்க. அக்கா எங்களோட நிண்டவ, ஆனா வசதி இல்லாட்டி அங்க போகத் தயங்காதீங்க, பல நல்ல சட்டத்தரணிமார் அங்க இருக்காங்க.

இப்ப எங்கட கந்தோர்ல ஒரு முடிவு எடுத்திருக்கம். கடனுக்கு எண்டு தெரிஞ்சா அறுதி உறுதி எழுதமாட்டம். ரெண்டு பேரையும் இருத்தி ஈட்டு உறுதியை விளங்கப்படுத்துவம். 1949ம் ஆண்டு 6ம் இலக்க ஈட்டுச் சட்டம் இருக்கு, கடன் வராட்டி வழக்குப் போட்டு நீதிமன்றக் கட்டளையில ஏலம் விடலாம், கடன் போக மிச்சக் காசு காணிக்காரருக்கு வரும், குடுத்தவருக்கும் பாதுகாப்பு, எடுத்தவருக்கும் பாதுகாப்பு. சல்லி குடுக்க வாற சிலர் இதைக் கேட்டுச் சம்மதிக்கிறாங்க. சிலர் உறுதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வேற நொத்தாரிசுட்ட போறாங்க. அப்பிடி எழும்பிப் போறவங்களோட கூடவே போற கடன்காரர்ட்ட, வாசல்ல வச்சாவது ரெண்டு விசயம் சொல்லி விடுறம்: வட்டியை பாங்கில கட்டுங்க, வீட்டை விட்டு ஒரு நாளும் இறங்காதீங்க.